மீனுக்குத் தலைக்குத் தண்ணீர்

தர்மாவின் கை பட்டால் பிளாஸ்டிக் பூச்செடியும் வாடிவிடும் என்று அவன் மனைவி நவமணி சொல்வாள். அது கொஞ்சம் கூடுதலான பேச்சு. ஆனால் பதினொரு கடல் மீன்கள் அவன் கையில் போய்ச் சேர்ந்திருந்ததை யாரும் கூட்டிச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் வரிசையாகப் புதைத்திருந்தான். அந்த மரம் மட்டும் தாமான் குடியிருப்பிலேயே பெரிய தார் போட்டது.

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நாள் முழுக்கத் தகரக் கூரையின் வெக்கையில் அட்டைப்பெட்டிகளை ஏற்றி இறக்கிவிட்டு வந்து மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்தால்தான் அவனுக்கு மனுஷ மூச்சு வரும். அந்த நீல வெளிச்சத்தை விட்டால் அவன் வாழ்க்கையில் குளுமையாக வேறொன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. சிகரெட் இல்லை, பீர் இல்லை. மீன் மட்டும்தான், அதுவும் சாகிற மீன்.

பதினோராவது மீன் செத்த அன்று நவமணி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே இந்த வீட்ல ஒரு மீன் செத்தாலும் சரி, மீனுக்காக நீங்க என்கிட்ட ஒரு பொய் சொன்னாலும் சரி, அந்தத் தொட்டியில மண்ணப் போட்டு பாண்டான் நட்டுருவேன் லா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

வெறும் பேச்சோடு நிற்கிறவள் அல்ல அவள். பக்கத்து வீட்டு ஐயாவுவிடம், சோற்றுக்கு வாசனைக்குப் போடுகிற பாண்டான் செடியில் ஒரு கன்று கேட்டு வாங்கி, ஒரு பால்டின்னில் வைத்து, வாசல் ஓரமாக நிறுத்திவிட்டாள். தர்மா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அது அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. தவிர, நவமணி வேலை செய்வது கையுறைத் தொழிற்சாலையில். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே அவள் வேலை. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான், கையுறைக்குப் பதில் புருஷன்.

இப்படிப்பட்டவளிடம் பொய் சொல்ல ஒருவனுக்குத் தைரியம் வேண்டும், அல்லது புத்தி இருக்கக்கூடாது.

கம்பெனி டின்னர் ஒரு சனிக்கிழமை நடந்தது. லக்கி டிராவில் தர்மாவின் நம்பர் விழுந்தது. பரிசு ஒரு ரைஸ் குக்கர். வீட்டில் இருந்த குக்கருக்கு மூடி நிற்காது. நவமணி சைக்கிள் டியூபை அறுத்து அதைக் கட்டி இரண்டு வருஷமாகச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். லட்சணமான புருஷனாக இருந்தால் புதுக் குக்கரை நேராக வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பான். தர்மா அதை ஐயாவுவின் கொட்டகையில் ஒளித்து வைத்துவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டாரில் கட்டிக்கொண்டு ஈப்போவில் ஒரு மீன் கடைக்குப் போனான். சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டான். சும்மா பார்க்கப் போகிறவன் குக்கரை எதற்குக் கொண்டுபோனான் என்று அவனிடம் கேட்க வழியில் ஆளில்லை.

கடையின் மூலையில் அந்த மீன் தனியாகக் கிடந்தது. உள்ளங்கை அகலம், வானத்து நீலம், முதுகில் மஞ்சள் துடுப்பு. பக்கவாட்டில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள், உப்பைத் தூவியது போல.

"இனி சாக்கிட் லா," என்றார் கடைக்காரத் தவுக்கே. நோய் வந்த மீன், ரெண்டு நாளில் போய்விடும், இதை விற்க மனசில்லை என்றார். அப்புறம் தர்மாவின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். அவர் வீட்டுக் குக்கரும் பழசாம்.

வீட்டுக்கு வந்து, "லக்கி டிராவுல விழுந்துச்சு," என்றான் தர்மா.

"மீனா குடுத்தாங்க?"

"புது மேனேஜர் வந்திருக்காரு. வித்தியாசமா யோசிக்கிறாரு."

நவமணி மீன் பையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பையில் ஓட்டை இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடக்கூடாது, தனித்தொட்டியில் வைத்து மருந்து போட்டுத் தேற்றிய பிறகே விட வேண்டும் என்பது பதினொரு சாவில் தர்மா படித்த பாடம். ஹாலில் டிவி பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியை வைத்தான். மணல் இல்லை, கல் இல்லை. தண்ணீரைச் சூடாக வைக்க ஒரு கம்பி, காற்றுக் குழாய், மீன் ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டு, அவ்வளவுதான். புள்ளி நோய்க்குச் செம்பு மருந்தை அளந்து ஊற்றினான்.

தனித்தொட்டிக்கு ஒரு சங்கடம் உண்டு. பழைய தொட்டியில் அழுக்கைத் தின்று தீர்க்கிற நல்ல கிருமிகள் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை. மீனின் மூத்திரமும் மிச்சச் சாப்பாடும் அப்படியே அமோனியாவாக மாறி, மீனை அதன் தண்ணீரே கொன்றுவிடும். அதனால் தினமும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, இரண்டு புட்டி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சளாக நின்றால் நல்லது. பச்சை ஏறினால் விஷம் ஏறுகிறது என்று அர்த்தம். அமோனியாவை அடக்கவும் மருந்து உண்டு, ஆனால் அதுவும் செம்பும் ஒத்துக்கொள்ளாது, இரண்டும் சேர்ந்தால் மீனுக்குத்தான் கேடு. தண்ணீரை மாற்றுவது ஒன்றுதான் வழி.

திங்கட்கிழமை புள்ளிகள் உதிர்ந்து மீன் பளிங்கு மாதிரி ஆனது. இந்த நோய் போன மாதிரி போய்க் கூட்டாளிகளோடு திரும்பி வரும் என்று தர்மாவுக்குத் தெரியும். வியாழக்கிழமை வந்தது, ஐம்பது அறுபது புள்ளிகளோடு. அதே வியாழக்கிழமைதான் பாகான் செராயிலிருந்து அவன் அக்கா முத்தம்மாவும் வந்தாள்.

முத்தம்மா சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர். அவர்கள் ஊர் மாரியம்மன் கோயில் மகளிர் பிரிவுக்குச் செயலாளரும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு கல்யாணம் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், ஹாலுக்குள் நுழைந்து தொட்டியைப் பார்த்ததும் நின்றாள். கையிலிருந்த பை தரையில் விழுந்தது. இரண்டு கையையும் கூப்பினாள்.

"நவமணி, அடுப்ப அணை."

நவமணி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். "ஏன் அண்ணி?"

"வீட்ல ஆத்தா எறங்கியிருக்கா. நீ என்னடான்னா கருவாடு பொரிக்கிற."

"எங்க அண்ணி?"

முத்தம்மா தொட்டியைக் காட்டினாள். உடம்பெல்லாம் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளி போட்ட மீன், பைப் துண்டிலிருந்து தலையை நீட்டி மூன்று பேரையும் பார்த்தது.

"அது மீனுக்கு வர்ற சீக்கு அண்ணி."

"மீனுக்கு மட்டும் வேற ஆத்தாவா?"

நவமணி போய் அடுப்பை அணைத்தாள். அம்மை விஷயத்தில் சாமி கும்பிடாதவன்கூட வாலைச் சுருட்டிக்கொள்வான். தர்மா வாயைத் திறந்தான். திறந்த வாக்கிலேயே வேறொன்று தோன்றியது. அம்மை போட்ட வீடு என்றால் கண்டவனும் உள்ளே வரமாட்டான், தொட்டியைத் தட்டிப் பார்க்கமாட்டான். முக்கியமாக, ஆத்தா இறங்கியிருக்கிற தொட்டியில் யாராலும் பாண்டான் நட முடியாது. வாயை மூடிக்கொண்டான். குக்கருக்கு அடுத்து அவன் செய்த இரண்டாவது தப்பு அது.

முத்தம்மா வீட்டை, ரப்பர் தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற பெரட்டு மாதிரி ஆக்கிவிட்டாள். காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, யார் என்ன செய்யக்கூடாது என்று சொன்னாள். தாளிக்கக்கூடாது. கவுச்சி கூடாது. தலை சீவக்கூடாது. வெளியே போய்வந்தால் கால் கழுவாமல் தொட்டிப் பக்கம் போகக்கூடாது. வாசல் கேட்டில் ஒரு கட்டு வேப்பிலை, தொட்டியின் மேல் ஒரு கொத்து. முதல் தண்ணீர் ஏழாம் நாள். அன்றுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம், அதுவரைக்கும் யாரும் தண்ணீரில் கை வைக்கக்கூடாது.

"அக்கா, அது தண்ணியிலேயேதான் இருக்கு," என்றான் தர்மா.

"ஒடம்பு தண்ணியில இருக்கலாம். தலைக்கு ஊத்துறது வேற."

கேட்டில் வேப்பிலையைப் பார்த்துத் தாமான் கூடிவிட்டது. உள்ளே வராமல் கேட்டிலேயே நின்று விசாரித்தார்கள். ஐயாவு முன்னால் நின்றான்.

"யாருக்கு மச்சான்?"

"மீனுக்கு."

ஐயாவு உள்ளே எட்டிப் பார்த்தான். "தனி ரூம்ல வச்சிருக்கீங்களா?"

"ஹால்ல. டிவி பக்கத்துல."

"அதுவும் சரிதான். படுத்தே கெடந்தா பொழுது போகணும்ல," என்று சொல்லிவிட்டு இரண்டு இளநீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தர்மா குழாயில் தண்ணீர் எடுத்துச் சோதித்தான். இளம்பச்சை. முத்தம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"வேப்பிலைக் கலரு. ஆத்தா சந்தோசமா இருக்கா."

"அக்கா, இது நல்லதில்ல. தொட்டிக்குள்ள எதையும் போட்டுறாதீங்க. ஒரு பருக்கைகூட போடக்கூடாது."

"எனக்குத் தெரியாதா," என்றாள் முத்தம்மா. தெரியாது என்று அவன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இரண்டு மஞ்சள் வாளிகளில் கடல் உப்பைக் கரைத்து, தொட்டித் தண்ணீருக்குச் சமமாகச் சூடும் உப்பும் பார்த்து, செம்பு மருந்தும் அளந்து கலந்து தயாராக வைத்தான். சனிக்கிழமை அரைநாள் வேலை. வந்ததும் அக்கா குளிக்கப் போகிற நேரம் பார்த்து மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தால் தொட்டியில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். அடியில் பழுப்பாகக் கெட்டியாக என்னவோ படிந்திருந்தது. மீன் மேலே வந்து வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. செவுள் படபடவென்று அடித்தது. நீலம் வெளுத்துவிட்டது.

"என்ன போட்டீங்க?"

"கேப்பக்கூழு. ஐயாவு பொண்டாட்டி காச்சிக் கொண்டாந்தா. அம்மை போட்டவங்களுக்குக் குளுமையா எறங்க வேண்டாமா? பாவம், வாயத் தொறந்து தொறந்து கேக்குது பாரு, இன்னும் வேணும்னு."

தர்மா ஓடிப்போய்ப் புட்டிகளை எடுத்தான். குழாயில் சொட்டு விட்டான். கரும்பச்சை. பதினொரு மீனுக்கும் இந்தப் பச்சையை அவன் பார்த்ததில்லை. வாளியைத் தூக்கினான். முத்தம்மா தொட்டியின் முன்னால் வந்து கையை விரித்து நின்றாள். அவள் எண்பது கிலோவுக்குக் குறையமாட்டாள். அவளைத் தள்ளினால் தொட்டியும் சேர்ந்து விழும்.

"இன்னிக்கு மூணாம் நாள்தான் ஆவுது. ஏழாம் நாளுக்கு முன்ன தண்ணி ஊத்தினா ஆத்தா சும்மா விடமாட்டா. நான் பாகான் செராய்ல எத்தன வீட்டுக்குப் பாத்திருக்கேன்."

"அக்கா, அது சாவுது அக்கா. கண்ணத் தொறந்து பாருங்க. அந்தத் தண்ணியே அதுக்கு வெசம்."

"ஏழாம் நாள் தர்மா. நான் மாத்திச் சொல்ல முடியாது."

அந்த நேரம் நவமணி வேலை முடிந்து வந்தாள். கால் கழுவிவிட்டு ஹால் வாசலில் நின்று இருவரையும் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே ஐயாவுவும் இன்னும் நாலு பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தர்மாவுக்கு வழி தெரிந்தது. அக்காவுக்கு ஏழு நாள் வேண்டும். ஏழு நாள் இருக்கிறது, அவனிடம்தான் இருக்கிறது. அந்த உண்மையை எடுத்து வெளியே வைத்தால் மீன் பிழைக்கும், தொட்டி போய்விடும். வைக்காவிட்டால் மீன் போய்விடும், அதோடு தொட்டியும் போகும்; கணக்குச் சரிதானே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவன் பேசியது கணக்குப் பார்த்து அல்ல. மீன் அவனைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை.

"இன்னிக்குத்தான் ஏழாம் நாள் அக்கா."

"வியாழன், வெள்ளி, சனி. மூணு."

"ஞாயித்துக்கெழமையே புள்ளி இருந்துச்சு. கடையிலேயே பாத்தேன். நாலஞ்சு புள்ளி. தவுக்கே சீக்கு மீனுன்னு சொல்லித்தான் குடுத்தாரு."

முத்தம்மா விரலை மடக்கினாள். ஞாயிறிலிருந்து சனி வரைக்கும் ஏழு விரல். விரித்த கையை இறக்கினாள்.

நவமணி வாசலிலிருந்து கேட்டாள். "கம்பெனில குடுத்த மீனுக்குக் கடைக்காரர் எங்க வந்தாரு?"

தர்மா வாளியைக் கீழே வைத்தான்.

"லக்கி டிராவுல மீன் விழல," என்றான் தர்மா. "ரைஸ் குக்கர் விழுந்துச்சு. அத தவுக்கேகிட்ட குடுத்துட்டு இத வாங்கிட்டு வந்தேன்."

கேட்டுக்கு வெளியே ஐயாவு, "அடப்பாவி," என்றான். மெதுவாகத்தான் சொன்னான், எல்லாருக்கும் கேட்டது. நவமணி அடுப்படிப் பக்கம் திரும்பி, டியூப் கட்டிய பழைய குக்கரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தர்மா தாங்கியிருப்பான்.

அழுவதற்கு நேரமில்லை. ரப்பர் குழாயைப் போட்டு அடியில் கிடந்த கூழோடு பாதித் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டான். முத்தம்மா இப்போது முழு மனதோடு களத்தில் இறங்கிவிட்டாள். வேப்பிலையையும் மஞ்சளையும் வாளிக்குள் போட வந்தாள். வாளிக்கு வெளியே கட்டச் சொல்லிக் கெஞ்சினான். கட்டினாள். தண்ணீரில் லேசாக நீலம் தெரிவதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். இனி எந்தப் பொய்யும் சொல்ல அவனிடம் தெம்பில்லை.

"மருந்துதான் அக்கா. செம்பு."

"செம்பா? அப்பன்னா சரி. கோயில் தீர்த்தமே செம்புலதானே வைக்கிறோம்."

முதல் மூன்று கப் தண்ணீர் தலையில்தான் விழ வேண்டும் என்றாள் முத்தம்மா. கப்பைக் கையில் வாங்கிக்கொண்டு மீனின் தலை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் ஓடினாள். மீன் சுற்றியது. அவளும் சுற்றினாள். "தலையக் காட்டு சாமி, தலையக் காட்டு," என்று கெஞ்சினாள். மூன்றாவது கப்புக்கு மீன் களைத்துப்போய் ஓர் ஓரமாக நின்று தலையைக் காட்டியது. கேட்டில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். மிச்சத்தைத் தர்மா மெல்ல மெல்ல ஊற்றினான்.

ஒரு மணி நேரத்தில் மீன் கீழே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் ஒரு தடவை பாதித் தண்ணீரை மாற்றினான். மத்தியானம் குழாயில் சொட்டு விட்டபோது பச்சை போய் மஞ்சள் நின்றது. முத்தம்மா கல்யாணப் புடவையோடு வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா, மஞ்சளா நிக்கிறா. மனசு எறங்கிட்டா."

போகும்போது அவள்தான் கவனித்தாள். கேட்டில் இருந்த வேப்பிலையைக் காணோம். அது ஹாலில் சோபாவின் கைப்பிடியில் கட்டியிருந்தது. சோபாவில் ஒரு தலையணை, ஒரு போர்வை.

"இது யாருக்கு?"

"உங்க தம்பிக்கு அண்ணி," என்றாள் நவமணி. "ஏழு நாளு."

முத்தம்மா தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "முத்து ஒண்ணும் தெரியலையே?"

"அவருக்கு உள்ளுக்குள்ள போட்டிருக்கு."

அந்த ஏழு நாளும் நவமணி அவனோடு பேசவில்லை. தாளிக்காத ரசம், மோர்ச்சோறு, உப்புக் குறைந்த கஞ்சி, மூன்றையும் சோபாவுக்கே கொண்டுவந்து வைத்தாள். பழைய குக்கரின் டியூபை ஒவ்வொரு வேளையும் அவன் காதில் விழுகிற மாதிரி இழுத்துக் கட்டினாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்து நான்கு வயதில், ஒரு மீனுக்காக, பெண்டாட்டியின் குக்கரைத் தூக்கிக் கொடுத்த ஆள். சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்தபோது வாசலில் பால்டின்னைக் காணவில்லை. முடிந்தது என்று நினைத்தான். பின்னறையில் இருந்த பெரிய தொட்டியைப் போய்ப் பார்க்கவே பயந்து கண்ணை மூடிக்கொண்டு படுத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தால், நவமணி சின்னத் தொட்டியருகே குனிந்து நின்றாள். குழாயில் தண்ணீர் எடுத்தாள். புட்டியின் மேலே எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்து, வாய்க்குள் எண்ணி எண்ணிச் சொட்டு விட்டாள். கையுறையைப் பிடிப்பது போலவே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சோபாவின் முன்னால் வந்து குழாயை அவன் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். மஞ்சள். கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் காட்டினாள். அதற்கடுத்த நாள் லேசாகப் பச்சை ஏறியதும் வாளியைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள். அவன் எழுந்து தண்ணீர் மாற்றிவிட்டு, திரும்பவும் சோபாவில் போய் உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை மீன் கடற்பாசித் துண்டைக் கடித்து இழுத்துத் தின்றது. தர்மா எழுந்து நவமணியைக் கூப்பிடப் போய், பேச்சு இல்லையே என்று நினைவு வந்து உட்கார்ந்தான். திரும்பினால் அவள் அடுப்படி வாசலில் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எந்திரிச்சு வாங்க."

துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாளி. அதன் கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தது. கல்லில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான். தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு, ஒரு கப் மொண்டு அவன் தலையில் ஊற்றினாள். வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டாவது கப் விழும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். வாழை மரத்தடியில், அவனுடைய பதினொரு மீன்களுக்கும் பக்கத்தில், பாண்டான் கன்று மண்ணில் நட்டிருந்தது. அது வேர் பிடித்து ஒரு புதுக் குருத்தும் விட்டிருந்தது.

"தொட்டி?" என்றான்.

மூன்றாவது கப்பையும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் அவள் பேசினாள்.

"உப்பு தீந்துபோச்சு. நாளைக்கு மீனுக்குத் தண்ணி மாத்தணும். கடைக்குப் போய் வாங்கிட்டு வாங்க." துண்டை அவன் தலையில் போட்டாள். "வரும்போது அந்தத் தவுக்கேகிட்ட என் குக்கரையும் கேட்டு வாங்கிட்டு வந்துருங்க."